பாலாடு வளர்ப்போருக்கு மடிநோய்ப் பயிற்சி: தமிழில் நடத்தித் தர யாராவது?

வணக்கம். இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் பாலாடு வளர்க்கிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மடிநோய்ப் பயிற்சி நடத்தப் பார்க்கிறோம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மிருக வைத்தியம் படித்தவர்கள் யாராவது தமிழில் நடத்தித் தர முடியுமா?

முதல் பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுத் திரிந்த கட்டி இருக்கிறதா என்று பார்ப்பது, கறந்ததும் காம்பை மருந்தில் முக்குவது எல்லாம் பழகிவிட்டது. சிக்கல் சி.எம்.டி. சோதனையில்தான் (பாலில் கரைசல் கலந்து, எவ்வளவு கொழகொழக்கிறது என்று பார்த்து மடிநோயைக் கண்டறிவது). பாலும் கரைசலும் சம அளவு, ஒவ்வொன்றும் 2 மி.லீ., 10 விநாடி சுழற்றுவது வரை சரி. ஆனால் இந்தக் கொழகொழப்பைத் தரும் உடல் உயிரணுக்கள் ஆட்டுப்பாலில் இயல்பாகவே கூடுதல். பால் வற்றும் காலத்தில் இன்னும் ஏறும். மாட்டுக்கான அளவை வைத்துப் பார்த்து, லேசாகக் கொழகொழத்தாலே ஊசி போட்டுவிடுகிறார்கள். மருந்தும் வீண், பாலையும் கொட்ட வேண்டும்.

இரண்டு பக்க மடிப்பாலையும் ஒப்பிட்டுப் பார்க்கக் கையோடு காட்டித்தர ஆள் வேண்டும். தட்டும் கரைசலும் நாங்கள் வாங்கி வைக்கிறோம்.