கிழக்கு ஜெர்மனி, 1956: தமிழில் ஏதாவது இருக்கிறதா?

நண்பர்களே, ஓர் உதவி. வாசகர் வட்டத்தில் 1956இல் கிழக்கு ஜெர்மனிப் பள்ளி ஒன்றில் நடந்ததைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டு மாட்டிக்கொண்டேன். ஷ்டோர்கோ என்ற சிற்றூரில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள், சோவியத் ஆதிக்கத்தை எதிர்த்த ஹங்கேரி எழுச்சியில் இறந்தவர்களுக்காக ஐந்து நிமிடம் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள் (ஹங்கேரியின் கால்பந்து வீரர் புஷ்காஷும் செத்துவிட்டார் என்று வானொலி வதந்தி வேறு, மனிதர் உயிரோடுதான் இருந்தார்). ஆசிரியர் கேள்வி கேட்கிறார், ஒருவரும் பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதற்குக் கல்வி அமைச்சரே நேரில் வந்து, யார் தொடங்கியது என்று மிரட்டினார்! யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. வகுப்பையே நீக்கிவிட்டார்கள், நாட்டில் எங்கும் இறுதித் தேர்வு எழுத முடியாது. பெர்லின் சுவர் எழும்பாத காலம் என்பதால் பெரும்பாலானோர் மேற்கு பெர்லினுக்குத் தப்பிவிட்டார்கள்.

சரி, அப்புறம் ஊரிலேயே இருந்துவிட்ட பெற்றோர் என்ன பாடுபட்டார்கள்? அதைப் பற்றித் தமிழில் கட்டுரையோ பழைய சிற்றிதழோ இருந்தால் சொல்லுங்கள். ஜெர்மன் தெரிந்தவர்கள் இருந்தால் இன்னும் நல்லது.