மறுமொழி: ஐப்பசி விழாவுக்குத் தலைக்கு 5,000

எல்லாருக்கும் வணக்கம்.

நம்ம ஊர்ல இந்த வருஷம் நடந்த மூணு நாள் ஐப்பசி விழாவுல விழுந்த துண்டு, அடுத்த வருஷ முன்பணம் ரெண்டுக்கும் சேர்த்துத் தலைக்கு 5,000 கேட்டு மடல் வந்து பத்து நாளாச்சு. ஊருக்குப் போன அக்கா திரும்பட்டும்னு இருந்தேன். நேத்து ராத்திரி பேசினாங்க. அதுக்கப்புறம் எனக்குத் தூக்கமே வரல.

அவங்க சொன்னது இது: விழாவோட ரெண்டாம் நாள் சாயங்காலம். மேடையில பொன்னாடை போர்த்திக்கிட்டு இருக்காங்க. மண்பாண்டம் செய்யற சூளை வீட்டுத் தாத்தாவுக்குக் குடுத்த இடம் பள்ளிக்கூடத்து மதில் ஓரம், மேல ஒரு தார்ப்பாய். மழை பிடிச்சதும் தார்ப்பாயில தேங்கின தண்ணி மொத்தமா அவர் பலகை மேல கொட்டியிருக்கு. செஞ்சு காட்டணும்னு கேட்டதால சுடாத பச்சை அகலா அடுக்கி வெச்சிருந்தார். அக்கா ஓடிப்போய் ஒண்ணைத் தூக்க, விரல் பட்ட இடம் உள்ள போகுது, மூக்கு மடங்கி மறுபடி களிமண்ணாயிடுச்சு. "விடும்மா, மண்ணு எங்க போகுது, பிசைஞ்சுக்கலாம்"னு அவரே அக்காவைத் தேத்தினாராம்.

மண்ணு போகல, நாள் போச்சே! ஐப்பசியில வெயில் அடிக்கிற நாலு நாளை விட்டா சூளை வைக்க முடியாது. ஈரம் உள்ள நின்னா நெருப்புல வெடிச்சுடும். மழைக்காலத்துல மண்பாண்டம் செய்யறவங்களுக்குப் பிழைப்பு இல்லேன்னுதான் அவங்க நல வாரியத்துல இருக்கிறவங்களுக்கு அரசாங்கமே 5,000 ரூபாய் உதவித்தொகை தருது. கார்த்திகை தீபத்து அகல்தான் அவருக்கு வருமானம். அந்த நேரம் பார்த்து மூணு நாள் கூட்டிட்டுப் போய் உட்கார வெச்சிருக்கோம்.

கணக்கு மாமா பந்தல் ரசீது கேட்டது நியாயம். ஆனா அந்தச் செலவுப் பட்டியல்ல தாத்தாவுக்கு ஒரு ரூபாய் கூட இல்லையே, அதை ஏன் மாமா கேக்கல?

மேட்டுத் தெரு அண்ணே, வேலூர்ப் பக்கம் இருக்கிற கரிகிரி மாதிரி நம்ம ஊரும் பேர் வாங்கணும்னு எழுதியிருந்தீங்க. கரிகிரிக்குப் பேர் வந்தது மெருகு போட்ட ஜாடியால. மேடை போட்டு வரல.

2021 நவம்பர்ல மோர்தானா அணை நிரம்பிக் கவுண்டன்யா ஆத்துல வெள்ளம் வந்தப்பதான் எங்கப்பா தவறினார். வண்டி வரல. யார் வண்டின்னு உங்களுக்கே தெரியும், இப்ப அதை எடுக்கல. கொள்ளிக்குடத்தைத் தலையில வெச்சு முட்டியளவு தண்ணியில நடந்து வந்தவர் தாத்தா. காசு வாங்கல. சின்ன வயசுல விடிகாலையில அவர் தட்டுப்பலகைச் சத்தம் கேட்டுத்தான் நான் எழுந்திருப்பேன். மஸ்கட்டுல இன்னிக்கும் சில நாள் அந்தச் சத்தம் கேக்கிற மாதிரியே இருக்கு.

மேடைக்கு என்கிட்ட பணம் கேக்காதீங்க. விழாவை மாசிக்கு மாத்துங்க. சூளைக்குப் பக்கத்துல பச்சைப் பானை உலர்த்த ஒரு தகரக் கொட்டகை போடுவோம், அதுக்கு 15,000 தர்றேன். பானை செய்ய ஏரி மண் எடுக்க 2024லேருந்து தாசில்தாரே அனுமதி குடுக்கலாம், கட்டணமும் கிடையாது. ஊர்ல இருக்கிறவங்க யாராவது தாத்தாவைத் தாலுகா ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போங்க. அவருக்கு மனு எழுதத் தெரியாது.

பணத்தைக் கணக்கு மாமா பேருக்கே அனுப்புறேன். ரசீதுல 'கொட்டகை'ன்னு எழுதுங்க மாமா.

தபால்கார் வீட்டுச் சின்னவன்
மஸ்கட்