600021-ஐப் பகா எண்களோட பெருக்கலா முழுசா உடைக்கிறது எப்படி?

வண்ணை: பழைய வண்ணாரப்பேட்டை பின்கோடு 600021. இலக்கக் கூட்டல் 9, அதனால 9 × 66669. அதுக்கு மேல சிக்கிக்கிச்சு. கால்குலேட்டர் இல்லாம செய்யணும்ணே. வர்க்கமூலம் 774 சொச்சம், அதுவரைக்கும் எல்லாப் பகா எண்ணையும் போட்டுப் பாக்கணுமா?

காசிமேடு: அவ்ளோ தூரம் வேணாம்பா. 66669-லயும் இலக்கம் கூட்டு: 33. இன்னொரு 3 வெளிய வரும், மிச்சம் 22223. இதோட வர்க்கமூலம் 149 சொச்சம், அங்கயே நிறுத்திக்கலாம். 7, 11, 13 மூணையும் ஒரே அடியில தள்ளிடு: 1001 = 7×11×13, அதனால 22223-லேர்ந்து 22×1001-ஐ எடுத்துடலாம், அதாவது 223-ல 22-ஐக் கழி. 201 வரும், மூணும் அதை வகுக்காது. 17-லேர்ந்து கையாலதான் வகுக்கணும். 41 கிட்ட வந்து ஏமாத்தும்: 41×542 = 22222, ஒண்ணு மிச்சம். 71-ல மாட்டும்: 71×313. 313 பகா எண். 17 வரைக்கும் பாத்தா போதும், அதெல்லாம் ஏற்கெனவே கழிஞ்சாச்சு.

ராயபுரம்: ஆக 3³ × 71 × 313. ஒவ்வொரு அடுக்கோடயும் ஒண்ணு கூட்டிப் பெருக்கினா வகுத்திகள் 4×2×2 = 16. அடுக்கை மறந்துட்டு 8-னு எழுதுறதுதான் வழக்கமான தப்பு. வகுத்திகளோட கூட்டல் (1+3+9+27)×(1+71)×(1+313), அதாவது 40×72×314 = 904320. அப்புறம், 71-ஐ 4-ஆல வகுத்தா மிச்சம் 3, அடுக்கும் ஒற்றைப்படை. அதனால இந்த எண்ணை ரெண்டு வர்க்கங்களோட கூட்டலா எழுதவே முடியாது, தேடி நேரத்தை வீணாக்காத.