புதுப்பிப்பு: பின் டயரில் காற்று நிற்கிறது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் மோட்டார் சைக்கிளின் பின் டயர் விடிவதற்குள் தட்டையாகிவிடுகிறது என்று எழுதியிருந்தேன். வால்வைப் பார்க்கச் சொன்னீர்கள். சோப்புத் தண்ணீர் தடவினேன். வால்வில் குமிழி இல்லை, ஸ்போக் முனைகளில் நுரை கட்டியது. டியூப் டயரில் ஓட்டை எங்கிருந்தாலும் காற்று அந்த வழியாக வரலாம். அதனால் சக்கரத்தைக் கழற்றி, டியூபை வாளித் தண்ணீரில் அமுக்கினேன். ஊசித்துளை ஒன்றிலிருந்து குமிழிகள் வரிசையாகக் கிளம்பின.

காரணம் செம்பனை (எண்ணெய்ப் பனை) முள். டயரின் உட்புறத்தைப் பழந்துணியால் துடைத்தபோது நூல் சிக்கியது. ஒடிந்த கருப்பு முனை ரப்பரில் புதைந்திருந்தது. அதைக் குறடால் பிடுங்காமல் ஒட்டுப் போட்டால் அத்தனை வேலையும் வீண். தோட்டத்துச் சாலையில் ஓட்டுபவர்கள் தயவுசெய்து இதைப் பாருங்கள், வெறும் விரலால் தடவாதீர்கள்.

அப்புறம் டியூபில் துளையைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்து, பசை தடவி, அது சற்று உலர்ந்த பிறகு ஒட்டுப் போட்டேன். இப்போது காற்று இறங்கவில்லை. யோசனை சொன்ன அண்ணன்மாருக்கு நன்றி.