மேட் மேசனுக்கு ரெப்ரோ ஹெல்மெட் மாட்டலாமா?

சந்திரவாசி

எல்லோருக்கும் வணக்கம். மேட்டல் கம்பெனி 1960களில் விற்ற விண்வெளி வீரர் பொம்மை மேஜர் மேட் மேசன் ஒருவர் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டார். ஆறங்குல உயரம், வெள்ளை உடை, முகத்தில் பெயின்ட் அப்படியே இருக்கிறது. ஆனால் ஹெல்மெட் இல்லை. இடது முழங்காலில் உள்கம்பி உடைந்திருப்பதால் நிற்க வைத்தால் மடங்கிவிடுகிறார். மூட்டு மடிப்புகளில் கருப்பு பெயின்டும் பாதி உரிந்துவிட்டது.

இப்போது ரெப்ரோ ஹெல்மெட், அதாவது பழசைப் பார்த்துப் புதிதாகச் செய்த நகல், தனியாகக் கிடைக்கிறது. முகத்துக்கு முன்னால் மஞ்சள் விசர், மேலும் கீழும் நகரும் என்கிறார் விற்பவர். வாங்கி மாட்டினால் பொம்மையின் மதிப்பு போய்விடுமா? இல்லை, ஒரிஜினல் கிடைக்கும்வரை மொட்டைத் தலையோடு விட்டுவைக்கவா? இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. நாளைக்கு யாராவது ரெப்ரோவை ஒரிஜினல் என்று என் தலையில் கட்டினால் எப்படிக் கண்டுபிடிப்பது?

பழையபெட்டி

தாராளமாக மாட்டுங்கள். ஹெல்மெட் கழற்றி மாட்டுகிற பொருள்தானே. ஒரிஜினல் கிடைக்கும் நாளில் இதைக் கழற்றி வைத்துவிடலாம், பொம்மைக்கு ஒன்றும் ஆகாது. மதிப்பைக் கெடுப்பது திரும்ப எடுக்க முடியாத வேலைகள்தான். காலைக் கீறிப் புதுக்கம்பி சொருகுவது, பசை ஊற்றுவது, அதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

கம்பி உடைந்ததற்காக வருத்தப்படாதீர்கள், இந்த வரிசையின் பிறவிக்குணமே அதுதான். மேசனானாலும் சிவப்பு உடை சார்ஜன்ட் ஸ்டார்ம் ஆனாலும், மெல்லிய கம்பியின் மேல் ரப்பர் போன்ற வினைலை வார்த்திருப்பார்கள். ஒரே இடத்தில் மடக்கி மடக்கி நிமிர்த்தினால் எந்தக் கம்பிதான் தாங்கும்? இனி அந்தக் காலை ஆட்டாதீர்கள். உடைந்த முனை வினைலைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிடும், அது வந்தால்தான் உண்மையான நஷ்டம். உட்கார்ந்த மாதிரி வைத்துவிட்டால் போதும், பார்க்கவும் நன்றாகத்தான் இருப்பார்.

அடுத்து ரெப்ரோவைக் கண்டுபிடிக்கும் விஷயம். ஒரிஜினலை வைத்துச் சிலிகோன் ரப்பரில் அச்சு எடுத்து, ரெசின் என்ற திரவப் பிளாஸ்டிக்கை ஊற்றிச் செய்த நகல் பெரும்பாலும் ஒரு மயிரிழை சுருங்கியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, வெர்னியர் அளவுகோலில் தெரிந்துவிடும். சந்தேகமில்லாத ஒரிஜினல் யாரிடமாவது இருந்தால் ஹெல்மெட்டின் கழுத்து விளிம்பை இரண்டிலும் அளந்து பாருங்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் உள்பக்கம் ஊசிமுனை அளவு காற்றுக்குமிழி இருக்கலாம். கூர்மையாக இருக்க வேண்டிய ஓரங்கள் சோப்பு கரைந்த மாதிரி மழுங்கியிருக்கும். ஃபேக்டரி இயந்திரத்தில் வார்த்த பிளாஸ்டிக்கில் இந்தக் குமிழி இருக்காது. அதற்குப் பதில் பிளாஸ்டிக் உள்ளே பாய்ந்த இடத்தில் வெட்டின தடம் ஒன்று தெரியும். புதிதாக இயந்திர அச்சே செய்து வார்த்த ரெப்ரோவிலும் அந்தத் தடம் இருக்கும் என்பதால், அதை மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள்.

பெட்டி, அட்டை வாங்கினால் அச்சைப் பாருங்கள். பழைய ஆஃப்செட் அச்சில் நிறப்புள்ளிகள் ஒழுங்கான வரிசையில், சின்னப் பூ மாதிரி அடுக்கியிருக்கும். இன்க்ஜெட்டில் எடுத்த நகலில் புள்ளிகள் கண்டபடி சிதறிக் கிடக்கும். இதற்கு நல்ல லென்ஸ் ஒன்று போதும்.

ஒன்று மறந்துவிட்டேன். ஹெல்மெட்டை மாட்டியபடியே வருஷக்கணக்கில் விட்டுவிடாதீர்கள். மென்மையான வினைலில் கலந்திருக்கும் எண்ணெய் போன்ற பொருள் மெல்லக் கசியும். அது பட்டுக்கொண்டே இருந்தால் சில கடினப் பிளாஸ்டிக்குகள் இளகி, பொம்மையோடு ஒட்டிக்கொள்ளும்.

சில்வர்சூட்

பழையபெட்டி சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் நான் இன்னும் ஒரு படி மேலே போவேன். காட்சிக்கு வைப்பதெல்லாம் ரெப்ரோவாகவே இருக்கட்டும்.

ஹாஸ்ப்ரோ 1966இல் ஜி.ஐ.ஜோ என்ற சிப்பாய் பொம்மைக்கு மெர்குரி விண்வெளிக் கேப்ஸ்யூல் ஒன்று போட்டது, தெரியும்தானே. கூடவே வெள்ளி உடையும், 1962 பிப்ரவரி 20 அன்று ஜான் க்ளென் பூமியை மூன்று சுற்று சுற்றினாரே, அந்தப் பயணத்தின் ஒலிப்பதிவு ரெக்கார்டும் வந்தன. அந்த வெள்ளி உடை இருக்கிறதே, மடித்த இடத்திலெல்லாம் பூச்சு வெடித்து உதிரும். முழங்கையை ஒரு தடவை மடக்கினாலே மேசை மேல் மினுமினுப்பு. அதனால் ஒரிஜினல் உடையை மடிக்காமல் நீட்டிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, ரெப்ரோ உடையைத்தான் போட்டுவிடுகிறேன். கேப்ஸ்யூலுக்குள் கால் மடக்கி உட்கார வைக்கவும் பயமில்லை.

ஜோ வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வலது கன்னத்தில் தழும்பு, வலது கட்டைவிரலில் நகம் தப்பான பக்கம், இரண்டும் இருந்தால் ஒரிஜினல் என்று சொல்லுவார்கள். அதை நம்பாதீர்கள். 1990களின் மறுவெளியீட்டிலும் அந்தத் தழும்பு உண்டு. இடுப்புக்குப் பின்னால் இருக்கும் முத்திரையில் என்ன வருஷம் என்று படியுங்கள்.

ராக்கெட்ராணி

ரெப்ரோ என்பதை எங்காவது குறித்து வையுங்கள், ப்ளீஸ். ஹெல்மெட்டின் உள்விளிம்பில் ஊசியால் சின்னதாக ஒரு 'ரெ' கீறினால் போதும். நமக்குப் பிறகு யார் கைக்குப் போகுமோ, அவர்கள் ஏமாறக் கூடாது. ரெப்ரோ செய்பவர்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. அதை வாங்கி, கொஞ்சம் அழுக்கு தேய்த்து, பழையதென்று விற்கிறார்களே, அவர்கள் மேல்தான்.

சந்திரவாசி

எல்லோருக்கும் நன்றி. ஹெல்மெட் ஆர்டர் போட்டாச்சு, வந்ததும் 'ரெ' கீறிவிடுகிறேன். கடைசியாக ஒன்று. மூட்டில் உரிந்த இடத்தில் மட்டும் கருப்பு எனாமல் லேசாகத் தொட்டு வைக்கலாமா? மற்றபடி முகத்தைத் தொடமாட்டேன்.

பழையபெட்டி

எனாமல் வேண்டாம் தம்பி. மென்மையான வினைல் மேல் அது முழுசாகக் காயாது, பிசுபிசுவென்றே நிற்கும், வருகிற தூசியெல்லாம் அதில்தான் ஒட்டும். மூட்டில் அக்ரிலிக் அடித்தாலும் கொஞ்சம் மடக்கினால் உரிந்து வந்துவிடும். சோப்புத் தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் துடைத்து, நிழலில் காயவிட்டு, அப்படியே வையுங்கள். துடைக்கும்போதும் அந்த இடது காலை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், மடங்காமல்.