ஸ்கேன் படங்களில் இருந்து செய்த பிடிஎஃப்: பக்கத்துக்குப் பக்கம் அளவு மாறுகிறது, எப்படிச் சரிசெய்வது?

சுவடித்தட்டு:

டெமி 1/8 அளவில் (140 × 215 மிமீ) பழைய புத்தகம் ஒன்று. பைண்டிங்கைப் பிரித்து ஸ்கேன் செய்தது. உள்பக்கங்கள் தாள் தானாக இழுக்கும் ஏடிஎஃப் ஸ்கேனரில், 300 டிபிஐ (ஒரு இஞ்சுக்கு 300 புள்ளி), ஜேபெக். அட்டை இரண்டும் கண்ணாடித் தட்டில் கவிழ்த்து வைக்கும் ஃபிளாட்பெட்டில் 600 டிபிஐ. அட்டையில் கறை இருந்ததால் படத் தொகுப்பு மென்பொருளில் துடைத்துத் திரும்பச் சேமித்தேன். கிழிந்துபோன 4 பக்கங்களுக்கு மட்டும் வேறு பிரதியில் இருந்து போனில் எடுத்த படங்கள்.

எல்லாவற்றையும் ஐஎம்ஜி2பிடிஎஃப் கருவியில் எந்த ஆப்ஷனும் கொடுக்காமல் ஒரே கோப்பாக்கினேன். 100% காட்சியில் பார்த்தால் அட்டை சுவரொட்டி அளவுக்கு இருக்கிறது, போன் பக்கங்கள் அதைவிடப் பெரிது. உள்பக்கங்களும் ஒன்றுக்கொன்று 2 மிமீ வரை மாறுவதால் புரட்டும்போது விளிம்பு குதிக்கிறது. மூலப் படங்கள் கையில் இருக்கின்றன, ஆனால் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. மறுபடி ஸ்கேன் செய்ய வழியில்லை. "பிரிண்ட் டு பிடிஎஃப்" கொடுத்து ஏ4 ஆக்கிவிட்டால் போதுமா?

எழுத்தாணி:

பிரிண்ட் கொடுக்காதீர்கள். காரணம் கடைசியில்.

படக் கோப்பில் இருப்பது பிக்சல் எண்ணிக்கை மட்டும்தான். அது தாளில் எத்தனை மிமீ என்பதை டிபிஐ என்ற ஒரு குறிப்பை வைத்துக் கருவி கணக்குப் போடுகிறது. பிடிஎஃப் அளவு பாயின்ட்டில் இருக்கும், 1 இஞ்ச் = 72 பாயின்ட். பக்க அகலம் = பிக்சல் × 72 ÷ டிபிஐ. உங்கள் கோப்பில் மூன்று தனித்தனிக் கோளாறுகள் சேர்ந்திருக்கின்றன.

அட்டை: 600 டிபிஐ-யில் டெமி 1/8 என்றால் ஏறத்தாழ 3307 × 5079 பிக்சல். படத்தைத் திரும்பச் சேமித்தபோது டிபிஐ குறிப்பு விழுந்துபோயிருக்கும். குறிப்பே இல்லாத படத்தை ஐஎம்ஜி2பிடிஎஃப் 96 டிபிஐ என்று எடுத்துக்கொள்ளும். விளைவு 875 × 1344 மிமீ. சுவரொட்டிதான்.

போன் படம்: பெரும்பாலான போன்கள் எக்ஸிஃப் குறிப்பில் (படத்தோடு சேர்த்து எழுதும் தகவல்) 72 என்று சும்மா எழுதி வைக்கின்றன. அதற்கும் எடுத்த பொருளின் அளவுக்கும் தொடர்பே கிடையாது. 3000 × 4000 பிக்சல் படம் 1058 × 1411 மிமீ ஆகிவிடும்.

உள்பக்கம்: இங்கே டிபிஐ சரி, பிக்சல்தான் மாறுகிறது. ஸ்கேனரில் தாள் அளவு "ஆட்டோ" என்று இருந்திருக்க வேண்டும். ஒவ்வொரு தாளின் விளிம்பையும் அதுவே தேடி வெட்டும். தாள் லேசாகச் சாய்ந்து போனாலோ ஓரம் பழுப்பேறி இருந்தாலோ 10, 15 பிக்சல் கூடும் குறையும். அடுத்த புத்தகத்துக்கு ஆட்டோவை அணைத்துவிட்டு, தாளைவிட நான்கைந்து மிமீ பெரிய நிலையான அளவைக் கையால் கொடுங்கள்.

ஊகத்தில் நிற்க வேண்டாம், அளந்து பாருங்கள். பாப்ளர் தொகுப்பில் உள்ள பிடிஎஃப்இன்ஃபோ கட்டளைக்கு முதல் பக்க எண்ணும் கடைசிப் பக்க எண்ணும் கொடுத்தால் ஒவ்வொரு பக்கத்தின் அளவையும் வரிசையாகக் காட்டும். கொடுக்காவிட்டால் முதல் பக்கத்தை மட்டும் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளும், அதைப் பார்த்து "எல்லாம் சரியாக இருக்கிறதே" என்று ஏமாறுபவர்கள் நிறைய. அதே தொகுப்பின் பிடிஎஃப்இமேஜஸ் பட்டியல் ஆப்ஷன் ஒவ்வொரு படத்தின் பிக்சலையும், பக்கத்தில் அது எத்தனை பிபிஐ-யாக (ஒரு இஞ்சுக்கு எத்தனை பிக்சல்) உட்கார்ந்திருக்கிறது என்பதையும் சொல்லும். 300 வர வேண்டிய இடத்தில் 72, 96 கண்ணில் பட்டால் அந்தப் பக்கம்தான் குற்றவாளி.

பிரிண்ட் விஷயம்: ஏ4-இல் அடித்தால் டெமி பக்கம் ஏ4 அளவுக்கு ஊதப்படும், அல்லது நாலு ஓரத்திலும் வெள்ளை விழும். படங்கள் மறுபடி சுருக்கப்படலாம். புக்மார்க்கும் இணைப்பும் போய்விடும். ஓசிஆர் எழுத்தடுக்கு (படத்தில் உள்ள எழுத்தைக் கணினி படித்து, தேடக்கூடியதாக மேலே வைப்பது) தப்பினால் அதிர்ஷ்டம்.

கோடுபோட்ட நோட்டு:

மூலப் படங்கள் இருப்பதால் பழைய பிடிஎஃப்பைத் தொடவே வேண்டாம், புதிதாகக் கட்டுங்கள். ஐஎம்ஜி2பிடிஎஃப் போதும். அது ஜேபெக்கை மறுபடி சுருக்காமல் அப்படியே உள்ளே வைக்கும்.

கவனிக்க வேண்டியது பேஜ்சைஸ், இம்ஜ்சைஸ் என்ற இரண்டு ஆப்ஷன்கள். பேஜ்சைஸ் மட்டும் கொடுத்தால் ஒவ்வொரு படத்தையும் அந்தப் பக்கத்துக்குள் பொருந்தும்படி பெரிதாக்கும் அல்லது சிறிதாக்கும். அளவு ஒன்றாகிவிடும், ஆனால் ஆட்டோவில் குறைவாக வெட்டுப்பட்ட பக்கத்தின் எழுத்து அடுத்த பக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். இம்ஜ்சைஸில் 300 டிபிஐ என்றும் சேர்த்துக் கொடுத்தால் படம் தன் உண்மை அளவிலேயே பக்கத்தின் நடுவில் உட்காரும். உள்பக்கங்களுக்கு இதுதான் சரி.

பக்க அளவை எப்படி முடிவு செய்வது? உங்கள் படங்களில் ஆக அகலமானதையும் ஆக உயரமானதையும் பாருங்கள். உதாரணமாக 1668 பிக்சல் அகலம் என்றால் 141.2 மிமீ, 2548 பிக்சல் உயரம் என்றால் 215.7 மிமீ. பேஜ்சைஸ் 142 × 217 மிமீ வைத்தால் எதுவும் வெளியே வழியாது. சரியாக 140 × 215 தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் பெரிய படங்களின் ஓரம் பக்கத்துக்கு வெளியே போய்க் கண்ணுக்குத் தெரியாமல் மறையும்.

அளவுக்குப் பின்னால் மிமீ அலகைச் சேர்த்தே எழுதுங்கள். அலகு இல்லாமல் வெறும் 140 என்று கொடுத்தால் பாயின்ட் என்று எடுத்துக்கொண்டு 49 மிமீ அகலத்தில் தீப்பெட்டிப் புத்தகம் செய்து கொடுக்கும்.

300 டிபிஐ என்ற கட்டளை 600 டிபிஐ அட்டைக்கும் சேர்ந்துவிட்டால் அட்டை இரண்டு மடங்காகும். அதனால் மூன்று தொகுதியாகச் செய்யுங்கள்: அட்டைகளுக்கு இம்ஜ்சைஸ் 600 டிபிஐ, உள்பக்கங்களுக்கு 300 டிபிஐ, போன் பக்கங்களுக்கு இம்ஜ்சைஸையே 140 × 215 மிமீ. மூன்றிலும் பேஜ்சைஸ் 142 × 217. பிறகு பிடிஎஃப்களை இணைக்கும் க்யூபிடிஎஃப் கருவி மூலம் பக்க வரிசைப்படி சேருங்கள். கோப்புப் பெயர்களை 001, 002 என்று மூன்று இலக்கத்தில் வையுங்கள், இல்லையென்றால் 1-க்கு அடுத்து 10 வந்து நிற்கும்.

ஓசிஆர் போடுவதை மற்ற எல்லாம் முடிந்த பிறகு, கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பச்சை மை:

மேலே சொன்னதோடு இரண்டு சேர்க்கிறேன்.

போன் படத்தை அப்படியே 140 × 215-க்குள் அடைக்கக் கூடாது. சென்சார் விகிதம் 3:4, அதாவது 0.75. டெமி 1/8 விகிதம் 0.65. படத்தில் மேசையும் விரலும் சேர்ந்திருக்கும். முதலில் கோணத்தை நேராக்கி, தாளின் நான்கு மூலைக்கு வெட்டுங்கள். படம் பக்கவாட்டில் கிடந்தால், எக்ஸிஃப் திருப்பக் குறிப்பை நம்பாமல் பிக்சலையே திருப்பிச் சேமியுங்கள். வெட்டிய பிறகு அகலம் 2430 பிக்சல் என்றால் 2430 ÷ 5.51 இஞ்ச் = 441 டிபிஐ. அந்தக் கணக்குப்படி உயரம் 3730 பிக்சலை ஒட்டி வர வேண்டும். நூறு பிக்சலுக்கு மேல் தள்ளி இருந்தால் கோணத் திருத்தம் சரியில்லை, எழுத்து நீண்டோ குறுகியோ இருக்கும். படக் குறிப்புகளை மாற்றும் எக்ஸிஃப்டூல் கொண்டு 441-ஐக் கோப்பிலும் எழுதி வையுங்கள். ஜேபெக்கில் டிபிஐ, கோப்பின் தொடக்கத்தில் இருக்கும் ஜேஃபிஃப் தலைப்பிலும் எக்ஸிஃபிலும் என இரண்டு இடத்தில் இருக்கலாம். ஒன்றை மட்டும் மாற்றினால் ஒரு மென்பொருள் ஒன்றைப் படிக்கும், இன்னொன்று மற்றதைப் படிக்கும்.

இரண்டாவது, பக்க அளவு ஒன்றாகிவிட்டாலும் எழுத்துப் பகுதி மேலும் கீழும் ஆடத்தான் செய்யும், ஏனென்றால் ஆட்டோ வெட்டு எந்த ஓரத்தில் கூடியது என்று நமக்குத் தெரியாது. அது உறுத்தினால் ஸ்கேன் பக்கங்களைச் சீராக்கும் ஸ்கேன்டெய்லர் மென்பொருள்தான் மருந்து. சாய்வு நீக்கி, எழுத்துப் பகுதியைக் கண்டுபிடித்து, ஓரங்கள் என்ற படியில் மற்றப் பக்கங்களோடு அளவைப் பொருத்தும் குறியைப் போட்டால் எல்லாப் பக்கமும் ஒரே சட்டத்துக்குள் வரும். இதில் ஒரு பொறி உண்டு: ஒரே ஒரு பக்கத்தில் தூசியையோ கிழிசல் நிழலையோ எழுத்து என்று எடுத்துக்கொண்டு பெட்டி பெரிதாகிவிட்டால், அதற்கு ஈடாக மொத்தப் புத்தகத்தின் வெள்ளை ஓரமும் ஊதிவிடும். பக்கங்களை அகலவாரியாகவும் பிறகு உயரவாரியாகவும் வரிசைப்படுத்தி, கடைசியில் நிற்கும் ஐந்தாறு பக்கங்களின் பெட்டியைக் கையால் திருத்துங்கள். கறுப்பு வெள்ளைப் பக்கங்கள் குரூப் 4 டிஃப் (கறுப்பு வெள்ளைக்கான இழப்பில்லாத சுருக்க வடிவம்) ஆக வெளிவந்தால் ஐஎம்ஜி2பிடிஎஃப் அதையும் இழப்பில்லாமல் ஏற்கும்.

சுவடித்தட்டு:

மூன்று தொகுதியாகக் கட்டியதில் அளவு ஒன்றாகிவிட்டது. இன்னும் இரண்டு கேள்வி. மூலப் படமே இல்லாத, ஓசிஆர் போட்ட வேறொரு பிடிஎஃப்பிலும் இதே கோளாறு. அதோடு இந்தப் புத்தகத்தில் மடித்து வைத்த வரைபடம் ஒன்று உண்டு, பக்கத்தைப்போல இரண்டு மடங்கு அகலம். அதையும் 142-க்குள் சுருக்க வேண்டுமா?

எழுத்தாணி:

மூலப் படம் இல்லாவிட்டால் பக்கத்தையே அளவு மாற்றும் கருவி வேண்டும். சிபிடிஎஃப் கட்டளையில் ஸ்கேல்-டு-ஃபிட் ஆப்ஷன் படத்தையும் அதன் மேலிருக்கும் ஓசிஆர் எழுத்தையும் சேர்த்தே சுருக்கும். அக்ரோபேட் வைத்திருந்தால் பிரீஃபிளைட் என்ற சரிபார்ப்புப் பகுதியில் பக்கத்தை அளவிடும் திருத்தத்தைப் பயன்படுத்துங்கள். கிராப் பெட்டியில் பக்க அளவை மாற்றுவது வேறு வேலை, அது தாளை மட்டும் மாற்றும், உள்ளே இருப்பதைச் சுருக்காது. கோப்பைச் சிறிதாக்கும் வேலை இருந்தால் அளவைச் சரிசெய்த பிறகே செய்யுங்கள். கோப்பைச் சிறிதாக்கப் பயன்படும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் கருவியின் இபுக் அமைப்பு பக்கத்தில் இருக்கும் பிபிஐ-யைப் பார்த்து 150-க்கு இறக்கும். 72 பிபிஐ என்று காட்டும் ராட்சதப் பக்கம் தொடப்படாமல் தப்பிவிடும், சரியாக இருக்கும் 300 பிபிஐ பக்கங்கள் மட்டும் மங்கும்.

வரைபடத்தைச் சுருக்க வேண்டாம். ஊர்ப்பெயர் எல்லாம் படிக்க முடியாமல் போகும். உயரம் 217, அகலம் 284 மிமீ என்று தனி அளவில் விடுங்கள். அதன் பின்புறம் வெற்றாக இருந்தாலும் அதே 284 × 217 அளவில் வெற்றுப் பக்கம் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரட்டைப் பக்கக் காட்சியில் அதற்குப் பிறகு வரும் இடப்பக்கமெல்லாம் வலப்பக்கமாக மாறி நிற்கும்.