உலர்மலர், பதத்தழை, ஈரங்கவர் குருணை: தொடக்கக் கையேட்டுக்கான சொற்கள்

அன்புடையீர், வணக்கம்.

மலர்களை உலர்த்திக் கைவினை செய்யப் புதிதாகத் தொடங்குவோருக்கான கையேட்டில் தலைப்புச் சொல்லே இன்னும் முடிவாகவில்லை. 'காய்ந்த மலர்', 'சருகுமலர்', 'செம்மல்', 'உலர்மலர்' ஆகிய நான்கும் முந்தைய மடல்களில் முன்வைக்கப்பட்டுள்ளன. சொல் அழகாக இருந்தால் மட்டும் போதாது, அதைப் படிக்கும் புதியவரின் கை தவறான வேலையைச் செய்துவிடாமலும் இருக்க வேண்டும் என்பதே என் அளவுகோல்.

முதலில் செம்மல். பூவின் நிலைகளை அரும்பு, போது, மலர், வீ என்று அடுக்கிவரும் பாவாணர், பூ வாடின நிலையைச் செம்மல் என்கிறார். பழைய சொல்லை மீட்டெடுக்கும் ஆசை எனக்கும் உண்டு. ஆனால் இந்தக் கலை தவிர்க்க நினைப்பது அந்த வாடலைத்தான். வாடும் பூ நீரோடு சேர்த்துத் தன் உருவத்தையும் இழந்து குழைந்துபோகிறது. உலர்த்தப்படும் பூ நீரை மட்டும் இழந்து உருவத்தைக் காத்துக்கொள்கிறது. மேலும், 'செம்மல் அலங்காரம்' என்று எழுதினால் யாரோ ஒரு பெரியவருக்குப் பாராட்டு விழா என்றுதான் இன்றைய வாசகர் நினைப்பார். சருகு இலைக்கு உரியது. 'காய்ந்த மலர்' பேச்சில் இயல்பாக வந்தாலும், கவனிப்பாரின்றிக் கிடந்து காய்ந்ததையே நினைவூட்டுகிறது.

எஞ்சுவது உலர்மலர். இது வினைத்தொகை என்பதால், தானாக உலர்ந்ததா, நாம் உலர்த்தியதா என்பது தெரியாமல் போகிறது என்று நண்பர் ஒருவர் குறை கூறியிருந்தார். அதையே நான் நிறையாகக் கருதுகிறேன். வாடாமல்லியில் நாம் பூவென்று பார்க்கும் நிறப்பகுதி பெரும்பாலும் பூவடிச் செதில்களே. செடியில் இருக்கும்போதே அவை காகிதம் போல் நீர் குறைந்திருப்பதால், காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட்டாலே உலர்ந்துவிடுகின்றன. ரோஜாவை அப்படி நம்பி விட முடியாது, முயன்று உலர்த்த வேண்டும். இரண்டையும் ஒரே சொல் தாங்குகிறது. உலர்திராட்சையும் தாவரவியலின் உலர்தாவரத் தொகுப்பும் ஏற்கெனவே வழக்கில் இருப்பதால் சொல்லமைப்பும் புதிதன்று. முதல் வகைப் பூக்களை மட்டும் தனித்துச் சொல்ல 'வாடாமலர்' போதும். பிரெஞ்சு மொழியில் இவற்றை 'இறவாதது' என்ற பொருளில் இம்மோர்த்தேல் என்கிறார்கள். நமக்கு வாடாமல்லியே வழிகாட்டுகிறது.

ஆனால் எல்லாவற்றையும் உலர்மலர் என்ற குடையின் கீழ் கொண்டுவருவதை நான் ஏற்கவில்லை. ஒரு பங்கு கிளிசரினும் இரண்டு பங்கு வெந்நீரும் கலந்த கரைசலில் இலைக்கொம்பை நிறுத்தி வைத்தால், தண்டு கரைசலை மேலே இழுக்கிறது. பிறகு நீர் ஆவியாகிவிட, கிளிசரின் இலையிலேயே தங்கிவிடுகிறது. இரண்டு மூன்று வாரங்களில் இலை நிறம் கருத்து, தோல் போல் வளையும் தன்மை பெறுகிறது. அதற்கு 'உலரிலை' என்று பெயரிட்டால், சலசலக்கும் இலையை எதிர்பார்க்கும் புதியவர் இன்னும் ஆகவில்லை என்று கரைசலிலேயே விட்டுவைப்பார். அளவு மீறியதும் இலைப்பரப்பில் கிளிசரின் முத்து முத்தாகக் கசியத் தொடங்கும். இதைப் பதப்படுத்தல் என்பதே சரி. 'பத' என்பதோடு 'இலை' புணர்ந்து 'பதவிலை' என்றானால் படிப்பவருக்குப் பதவிதான் கண்ணில் படும் என்பதால், 'பதத்தழை' என்பதை முன்மொழிகிறேன். காகிதங்களுக்கிடையே வைத்துத் தட்டையாக்குவதற்கு 'அழுத்துமலர்' போதும். ஜப்பானியரின் ஓஷிபானா என்ற சொல்லுக்கும் அதுவே நேர்ப்பொருள்.

அதிக விவாதத்துக்கு உரியது, பூவைப் புதைத்து அதன் ஈரத்தை இழுக்கப் பயன்படும் சிலிக்கா ஜெல்லுக்கான சொல். 'உலர்த்தி' என்ற பரிந்துரையைப் பார்த்ததும், தலைமுடி உலர்த்தும் கருவியை எடுத்துக்கொண்டு பூவின் முன் நிற்கும் ஒருவர்தான் என் நினைவுக்கு வந்தார். 'ஈர உறிஞ்சி' அதைவிட மேல், எனினும் பஞ்சு நீரை உறிஞ்சுவதைப் போன்ற செயலன்று இது. நுண்துளைகளின் பரப்பில் நீராவி ஒட்டிக்கொள்வதைப் பள்ளிப் பாடநூல்கள் பரப்புக் கவர்தல் என்றே சொல்கின்றன. ஆகவே 'ஈரங்கவர்' என்பது பொருந்துகிறது. அதன் பின் 'மணி' சேர்க்கலாம் என்று ஒரு மடலில் கண்டேன். அங்கேதான் தயங்குகிறேன். மணியளவில் உருண்டையாக உள்ள ஜெல்லில் பூவைப் புதைத்தால் ஒவ்வோர் இதழிலும் அம்மைத் தழும்பு போலக் குழிகள் விழும். இந்த வேலைக்கு வேண்டியது மணல் போன்ற பொடி வகை என்பதால், 'ஈரங்கவர் குருணை' என்போம். ஈரம் ஏறியதைக் காட்ட நிறம் மாறும் வகையும் உண்டு. நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் வகையில் கோபால்ட் குளோரைடு என்ற நச்சுப்பொருள் இருப்பதால், செம்மஞ்சளிலிருந்து பச்சையாகும் வகையைக் கையேடு பரிந்துரைக்கட்டும். ஈரமேறிய குருணையை ஏறத்தாழ 120 பாகை செல்சியஸில் சூடாக்கி மறுபடி பயன்படுத்துவது 'மீட்டுலர்த்தல்' ஆகலாம்.

என் தோல்வி ஒன்றிலிருந்து இன்னொரு சொல் கிடைத்தது. குருணையில் நான்கு நாள் புதைத்திருந்த ரோஜாவை எடுத்தபோது இதழ்கள் காகிதம் போல் விறைத்திருந்தன. முடிந்துவிட்டது என்று மேசைமேல் வைத்தேன். இரண்டாம் நாள் காலையில் காம்பு மட்டும் நிற்க, இதழ்கள் மொத்தமாகச் சரிந்து கிடந்தன. இதழ்கள் கூடும் அடிப்பகுதியை விரலால் அழுத்தினேன். அது இன்னும் குளிர்ச்சியாக, மெத்தென்று அமுங்கியது. இதழ் உலர்ந்தும் அடியில் தங்கிவிடும் இந்த ஈரத்துக்கு 'அடியீரம்' என்று பெயரிட்டிருக்கிறேன். பெயர் இருந்திருந்தால் அன்று தேடிப் பார்த்திருப்பேன். அடியீரம் இருந்தால் பூவை மீண்டும் புதைக்காமல், மூடிய பெட்டியில் குருணையின் மேலேயே இன்னும் சில நாள் வைத்தால் போதும்.

இதற்கு நேர்மாறாக, அளவு மீறி உலர்ந்து தொட்டதும் இதழ் நொறுங்கும் நிலைக்கு 'மிகையுலர்வு' என்று குறித்து வைத்துள்ளேன். சொல் சரிதான், ஆனால் உயிரில்லை. பாகு முறுகிவிட்டது என்கிறோமே, அவ்வழியில் 'முறுகல்' பொருந்துமா? மாற்றுச் சொல் தருபவர்கள், அச்சொல் இடம்பெறும் செய்முறை வரி ஒன்றையும் எழுதி அனுப்பும்படி வேண்டுகிறேன்; இதுவரை வந்த பரிந்துரைகளில் பாதி, வரிக்குள் வைத்துப் பார்த்த பிறகே நழுவின.